‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு

மும்பைத் தமிழ் மேடைகளில் இருவகைப் பேச்சினைக் கேட்டுக் கேட்டு என் செவிகள் புளித்துப்போயின. ஒன்று, தன்மைப் பன்மைக்கு ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரு சொற்களை உடைய மொழி உலகிலேயே தமிழ் ஒன்றுதான் என்னும் பெருமிதம். மற்றொன்று, நம் பிள்ளைகள் அவ்விரு சொற்களையும் மாற்றி மாற்றி வழங்கினால் என்ன குறைந்துவிட்டது, கருத்துப் புரிந்தால் போதாதா என்னும் பெருந்தன்மை. இவ்விரண்டையும் ஒரே அன்பர் ஒரே மேடையில், கால்மணி நேர இடைவெளியில் கூறக் கேட்டதுண்டு. கைதட்டலும் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் கிடைத்தது. முன்னது உண்மையன்று, பின்னது நன்மையன்று. இரண்டையும் மறுப்பதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வேறுபாடு யாவரும் அறிந்ததே. பேசுபவர் தம்மோடு கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை விலக்கித் தம்மோடு பிறரைச் சேர்த்துக்கொண்டால் ‘நாங்கள்’. ‘நாளை நாம் மாட்டுங்காவுக்குப் போகிறோம்’ என்று ஒருவர் என்னிடம் கூறினால் நான் தாணே நிலையத்தில் வண்டிக்கு ஆயத்தமாக நிற்றல் வேண்டும். ‘நாளை நாங்கள் மாட்டுங்காவுக்குப் போகிறோம்’ என்று கூறினால் விடுமுறை நாளில் நான் வீட்டில் உறங்கலாம். இலக்கணம் படியாத கிழவியும் இதில் தடுமாறுவதில்லை. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் மூத்த தலைமுறையினர், கையெழுத்துப் போடத் தெரியாதவர் உட்பட, இதில் ஒருகாலும் பிழை செய்ததில்லை.

பிழை செய்வோர் ஆங்கிலவழியில் பயிலும் பேரப்பிள்ளைகளே. அடுத்த வீட்டுச் சிறுவன் என்னிடம் வந்து, ‘மாமா, நேற்று நாம் லோணாவளா போயிருந்தோம்’ என்கிறான். நான் போகவில்லை, நேற்று முழுதும் அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தேன். அதே சிறுவன் தன் தந்தையிடம், ‘அப்பா, நாங்கள் எப்போது வீட்டுக்குப் போவோம்?’ என்று கேட்கிறான். தந்தையைத் தெருவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் போக அவன் எண்ணவில்லை. அவன் உள்ளத்தில் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் அமர்ந்திருக்கிறது. அதற்கு எதிராகத் தமிழ்ச் சொல் இரண்டு இருக்கக் கண்டு, கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறான். சிறுவனை நான் நோகவில்லை. அதனைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்கும் பெரியோரையும், ‘இதையெல்லாம் திருத்தினால் பிள்ளை தமிழையே விட்டு ஓடிவிடும்’ என்று அறிவுரை கூறும் மேடைக்காரரையுமே நோகிறேன்.

முதலில் பெருமிதத்தைப் பார்ப்போம். தாணே நிலையத்துக்கு வெளியே காய்கறி விற்கும் மராட்டிய மூதாட்டியிடம் ஐந்து நிமிடம் நின்று பேசினாலே அது பொய்த்துப்போகும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்போது அம்மூதாட்டி ‘ஆபண்’ என்பார். விலக்கும்போது ‘ஆம்ஹீ’ என்பார். குஜராத்தியர் ‘ஆப்ணே’ என்றும் ‘அமே’ என்றும் கூறுவர். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. சோட்டா நாகபுரிப் பகுதியில் வழங்கும் குருக் மொழியிலோ ‘நாம்’, ‘ஏம்’ என்றே உள்ளன. நம் பழந்தமிழின் ‘நாம்’, ‘யாம்’ என்பவற்றோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு உடன்பிறப்பு விளங்கும். இவ்வூர்த் தெருக்களில் வழங்கும் இந்திகூட ‘அபன்’ என ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்கிறது. நான் அலுவலகத் தேர்வுக்காகப் படித்துத் தேறிய நூல் இந்தியில்தான் ‘ஹம்’ ஒன்றே உண்டு.

வடக்கத்திய மொழிகள் பலவற்றில் இல்லாத இவ்வேறுபாடு மராட்டியிலும் குஜராத்தியிலும் காணப்படுவதற்குத் திராவிட மொழிகளின் தொடர்பே காரணமாகலாம் என்று மொழிநூலார் பலர் கருதுவர். பெருமைப்பட விரும்புவோர் இதற்கன்றோ பெருமைப்படுதல் வேண்டும்! ‘எங்களிடம் மட்டுமே உண்டு’ என்பதைவிட, ‘எம் இனத்து மொழிகளின் வழக்கு அண்டை வீட்டாரின் நாவிலும் ஏறியிருக்கிறது’ என்பது நல்ல பெருமை.

கடல் கடந்தாலும் இதே கதைதான். மலாய் மொழியில் ‘கீத்தா’ கேட்பவரைச் சேர்க்கும், ‘காமி’ விலக்கும். தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழிக்கு டொமிங்கோ டி சாண்டோ தொமாஸ் என்னும் ஸ்பானியத் துறவி எழுதிய இலக்கணம் 1560இல் அச்சாயிற்று. அம்மொழியில் இவ்வாறு இரண்டு தன்மைப் பன்மைகள் இருப்பதை அவர் அன்றே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அதற்கு வடக்கே மெக்சிகோ நாட்டின் வஹாகா மாநிலத்தில் மிக்ஸ்டெக் என்றொரு மொழி உண்டு. ஓட்டோ-மாங்கே என்னும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதனைப் பேசுவோர் தம்மை ‘மழையின் மக்கள்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்துக்கொள்வர். அம்மொழியின் வட்டார வழக்குகள் பலவற்றில் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு உண்டு. அது மட்டுமன்று, இடத்தைக் காட்டும் சிறு ஒட்டுச்சொற்கள் வினையின் பின்னும் வரும், பெயரின் பின்னும் வரும். ‘வீடு’ என்னும் பொருளுடைய பெயரோடு ஓர் ஒட்டுச் சேர்ந்தால் ‘என் வீடு’; மற்றொன்று சேர்ந்தால் ‘நம் வீடு’; வேறொன்று சேர்ந்தால் ‘எங்கள் வீடு’. படர்க்கையிலோ ஆடவர்க்கு ஒன்று, பெண்டிர்க்கு ஒன்று, மதிப்புக்குரிய முதியோர்க்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, தெய்வத்துக்கு ஒன்று எனப் பகுத்து வைத்திருக்கிறார்கள். உயர்திணை, அஃறிணை என நாம் பகுத்ததைக் கண்டு உலகமே வியக்கிறது என்று பேசுவோர், அம்மலைநாட்டு உழவர் மொழியைக் கண்டால் என் செய்வரோ அறியேன். பிழைப்புக்காக அம்மக்கள் கலிபோர்னியாவின் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள், தோல் பதனிட நம்மவர் தாராவிக்கு வந்ததுபோலவே. அவர்தம் பிள்ளைகள் ஸ்பானியமும் ஆங்கிலமும் கற்கிறார்கள். அவ்விரு மொழிகளிலும் இவ்வேறுபாடு இல்லை. அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றே என்று சொல்ல நினைத்தால், ஒரு வேற்றுமை குறுக்கே நிற்கிறது. அவர்களைச் சூழ்ந்த பெருமொழி இவ்வேறுபாட்டை அறியாதது. நம்மைச் சூழ்ந்த மராட்டியோ அதனைக் கண்ணும் கருத்துமாகப் போற்றுவது. அங்ஙனமிருந்தும் நாம் இழக்கிறோம் என்றால் பழியை எவர்மேல் போடுவது?

இனி, ‘மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், யாம் என்னும் சொல் போகவில்லையா, அதுபோல் இதுவும் போகட்டும்’ என்பாரை நோக்குவோம். இவர்கள் சிறிது படித்தவர்கள். ஆகவே இவர்களோடு சிறிது விரிவாகவே வழக்காடுதல் வேண்டும்.

‘யாம்’ வழக்கிழந்தது உண்மை. பண்டு ‘நாம்’ சேர்ப்பதற்கும் ‘யாம்’ விலக்குவதற்கும் உரியனவாக இருந்தன. ‘யாம்’ பேச்சு வழக்கிலிருந்து மறைந்தபோது நிகழ்ந்தது யாது? வேறுபாடு மிகையானது என்று மக்கள் கருதியிருந்தால் ‘நாம்’ ஒன்றோடே நிறைவடைந்திருப்பார்கள். கன்னடத்தில் அவ்வாறே ஆயிற்று. இன்று அங்கே ‘நாவு’ ஒன்றுதான். பலுச்சிஸ்தானத்துப் பிராகுயியிலும் அவ்வாறே. தமிழ் மக்கள் அதற்கு இசையவில்லை. ‘நாம்’ என்பதோடு ‘கள்’ சேர்த்து ‘நாங்கள்’ என்று புதிதாக ஒன்றை ஆக்கி, ‘யாம்’ விட்டுச்சென்ற வெற்றிடத்தில் அமர்த்தினார்கள். வேற்றுமை ஏற்கும்போது மட்டும் பழைய ‘எம்’ என்பதையே விடாமல் பற்றிக்கொண்டு, அதனோடு ‘கள்’ கூட்டி ‘எங்கள்’ என்றார்கள். ‘நாம்’ என்பது ‘நம்’ ஆவது இயல்பு. ‘நாங்கள்’ என்பது ‘நங்கள்’ ஆகாமல் ‘எங்கள்’ ஆவதன் வரலாறு இதுவே. எந்தப் புலவரும் கூடிச் செய்த முடிபன்று இது. உழுதும் நெய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள், தமக்கு இன்றியமையாததைத் தாமே பழுதுபார்த்துக்கொண்டார்கள். ஆகவே ‘யாம்’ போனது என்பது என் வழக்குக்குச் சான்றாகுமேயன்றி எதிர்வழக்குக்கு ஆகாது.

வினையில் நிகழ்ந்தது வேறு. தொல்காப்பியர் தன்மைப் பன்மை வினைமுற்றுக்கு ஈறுகள் பலவற்றை வகுத்தார். அவற்றுள் அம், ஆம் என்பன முன்னிற்பாரையும், எம், ஏம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்று உரையாசிரியர் விளக்கினர். பவணந்தியாரும் நன்னூலில் இப்பாகுபாட்டைப் பேணி, ஓம் என்னும் ஈற்றையும் சேர்த்து, அதனைப் படர்க்கையாரை உளப்படுத்தும் வரிசையில் வைத்தார். ‘வந்தனம்’ என்றால் நீயும் உட்பட. ‘வந்தனெம்’ என்றால் நீ நீங்கலாக. எழுவாய் வேண்டியதில்லை, வினையே சொல்லிவிடும். இன்றோ எல்லா ஈறுகளையும் விழுங்கிவிட்டு ஓம் ஒன்றே நிற்கிறது. ‘நாம் வந்தோம்’, ‘நாங்கள் வந்தோம்’ இரண்டுக்கும் அதுவே. இரு தூண்கள் தாங்கிய கூரையில் ஒன்று எப்போதோ சாய்ந்துவிட்டது. பாரம் முழுதும் இப்போது பெயர்ச்சொல்லாகிய மற்றொரு தூணின்மேல் நிற்கிறது. ‘அதையும் எடுத்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவரிடம் வீடு கட்டும் பொறுப்பைக் கொடுக்க எவரும் துணியார்.

ஈண்டு உரையாசிரியர் கூறும் நுட்பம் ஒன்றை நினைவூட்டுதல் தகும். ‘அவன்’ பலரானால் ‘அவர்’. ஆனால் ‘நான்’ பலராதல் இல்லை. பேசுபவன் ஒருவனே. ஆகவே தன்மைப் பன்மை என்பது தன்னொடு பிறரைச் சேர்த்துக்கொள்வதே அன்றி வேறில்லை என்பர் அவர். அதனாலேயே ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்று பெயரிட்டனர். சேர்த்துக்கொள்வது என்றால், யாரைச் சேர்ப்பது என்னும் வினா உடனே எழுந்தாக வேண்டும். ஆங்கிலம் அவ்வினாவை எழுப்புவதில்லை. தமிழ் எழுப்புகிறது. இத்தனை தெளிவாக முன்னோர் கூறியிருக்க, நம் வகுப்புகளில் தரும் பாடத்தாள்களில் ‘தன்மை: நான், நாம், நாங்கள்’ என்று ஒரு கட்டத்துக்குள் மூன்றையும் அடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்விரு பன்மைகளை நின்று நிதானித்து ஆராய்ந்தார். இடையன்குடியில் வாழ்ந்த அயல்நாட்டார்க்குப் புலப்பட்டது, நம் பாடத்தாள் எழுதுவோர்க்குப் புலப்படவில்லை.

இடத்தை இத்துணைக் கூர்மையாகக் குறித்தல் பிரதிப்பெயரோடும் வினையோடும் நின்றதன்று. பெயர்ச்சொல்லிலும் ஓடியிருக்கிறது. ‘அடியான்’ படர்க்கை; ‘அடியேன்’ தன்மை; ‘அடியேம்’ தன்மைப் பன்மை. இன்று ‘இளைஞர்களாகிய நாங்கள்’ என்று மூச்சு வாங்கச் சொல்வதைப் பண்டையோர் ‘இளையேம்’ என்று முடித்துக்கொண்டார்கள். முறைப்பெயர்களைப் பாருங்கள். எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. யாய், ஞாய், தாய். யாருடைய தந்தை என்று கூறாமல் வெறுமனே ‘தந்தை’ என்று சொல்லப் பழந்தமிழன் இடம் வைக்கவில்லை. மிக்ஸ்டெக் உழவர் பெயரின் பின்னால் ஒட்டுவதை நம் முன்னோர் பெயரின் முன்னால் ஒட்டினார்கள், அவ்வளவே. மொழிக்கு முதலில் குற்றியலுகரம் வரும் ஒரே சொல்லாகத் தொல்காப்பியர் காட்டுவதும் இம்முறைப்பெயர்களுள் ஒன்றாகிய ‘நுந்தை’ என்பதையே.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை அறியாத தமிழர் இல்லை. திருமண அழைப்பிதழ்தோறும் அச்சிடுகிறோம். அதில் தலைவன் தன் தாயை ஒரு சொல்லாலும் அவள் தாயை வேறொரு சொல்லாலும் குறிக்கிறான், தந்தையரையும் அவ்வாறே. பின்னர்த் தன்னையும் அவளையும் இரு சொற்களால் தனித்தனியே நிறுத்துகிறான். ‘நாம்’ என்னும் சொல் அப்பாட்டில் இல்லை. வினைமுற்றின் ஈற்றில் மட்டும் இருவரும் முதன்முறையாக ஒன்று சேர்கிறார்கள். பிறகுதான் மழைநீரும் செம்மண்ணும் வருகின்றன. இடவேறுபாடு புரியாத பிள்ளைக்கு இப்பாட்டை எப்படிக் கற்பிப்பது? ‘என் அம்மாவும் உன் அம்மாவும் யார்’ என்று பொருள் சொல்லிவிடலாம். பாட்டு போய்விடும்.

இவையெல்லாம் ஏட்டோடு போயின என்று எண்ணவும் வேண்டா. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நாள்தோறும் ‘நம்மாழ்வார்’ என்றும் ‘நம்பெருமாள்’ என்றும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். நஞ்சீயர் என்னும் பெயரும் ‘நம் சீயர்’ என்பதே. சொல்பவரும் கேட்பவரும் ஒரு குழாத்தினர் என்னும் உறவு அந்த ‘நம்’ என்னும் முன்னொட்டில் அடங்கிக் கிடக்கிறது. கிறித்தவர்கள் இறைவனைத் தந்தையாக விளித்து வேண்டும்போது தமிழில் ‘எங்கள்’ என்கிறார்கள், ‘நம்’ என்பதில்லை. கேட்பவர் இறைவனே ஆதலின் அங்கே ‘நம்’ என்று கூறினால் இறைவனுக்கும் ஒரு தந்தை உண்டு என்றாகிவிடும். ஆங்கிலத்தில் இச்சிக்கலே இல்லை; மொழிபெயர்த்தவர் தமிழறிந்து செய்தார்.

அன்றாட வழக்கிலோ சான்றுக்குக் குறைவேயில்லை. ‘எங்காத்துக்காரர் இன்னும் வரவில்லை’, ‘எங்க வீட்டுக்காரர் ஊரில் இல்லை’ என்று மனைவியர் தம் கணவரைக் குறிப்பர். ஒரே சாலில் குடியிருக்கும் இரு மாதருள் ஒருவர் மற்றவரிடம் ‘நம்ம வீட்டுக்காரர்’ என்றால் அவர் இருவரிடமும் வாடகை வாங்கும் வீட்டு உடைமையாளரே ஆவார், கணவர் ஆகார். அவ்வாறு ஆகாமல் காப்பது ஒற்றைச் சொல்லின் வேறுபாடு! விருந்தினரை ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று அழைப்பதும், நண்பரின் மகனை ‘நம்ம பையன்’ என்பதும் இதே வேறுபாட்டின் மற்றொரு முகம். அது என் வீடுதான். என்றாலும் உமக்கும் அதில் பங்குண்டு என்று ஒரு சொல்லால் பாகம் பிரித்துக் கொடுக்கிறோம். எல்லை இருப்பதை இருவரும் அறிந்திருப்பதனாலேயே அதனைத் தாண்டி அழைப்பது அன்பாகிறது. இரண்டும் ஒன்றே என்று ஆக்கிவிட்டால் அவ்வன்பைக் காட்ட வேறு சொல் தேடல் வேண்டும்.

இதுவரை கூறியது சுவைக்காக. இழப்புக்கு வருகிறேன்.

ஓர் அமைப்பின் சுற்றறிக்கை சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. ‘ஆண்டுச் சந்தாவை இருமடங்காக உயர்த்த நாம் முடிவு செய்துள்ளோம்’ என்று அதில் இருந்தது. பொதுக்குழு கூடவில்லை, என்னை எவரும் கேட்கவில்லை, முடிவு செய்தவர் செயற்குழுவினர் எழுவர். ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால், ‘உங்களுக்கு அந்த அதிகாரம் எவர் தந்தது?’ என்று உறுப்பினர் கேட்டிருப்பர். ‘நாம்’ என்று எழுதிவிட்டதனால் என் இசைவை என்னிடமே கேளாமல் என் பெயரில் எழுதிக்கொண்டார்கள். செயலரிடம் சொன்னேன். ‘இரண்டும் ஒன்றுதானே, ஐயா, நீங்கள் இலக்கணம் பார்க்கிறீர்கள்’ என்றார். உயர்ந்த சந்தாவைக் கட்டும்போது இரண்டும் ஒன்றாக இல்லை.

கோப்புகளோடு பல ஆண்டுகள் உழன்ற எழுத்தனுக்கு இவ்வகைச் சொல்லின் ஆற்றல் நன்கு தெரியும். ‘மாலைக்குள் முடித்துவிடுவோம்’ என்று மேலதிகாரி ஆங்கிலத்தில் கூறும்போது அப்பன்மையில் அவர் இல்லை. நான் மட்டுமே இருக்கிறேன். ‘விளக்கம் கேட்க முடிவு செய்துள்ளோம்’ என்று அவரே கூறும்போது அப்பன்மையில் நான் இல்லை. சொல் ஒன்றே. எதில் நான் உள்ளே, எதில் வெளியே என்பதைச் சம்பள நாளில்தான் அறிதல் கூடும்.

தாராவி மக்களைப் பாருங்கள். மறுசீரமைப்புப் பேச்சு 2004 முதல் ஓயாமல் நடக்கிறது. மேடையேறுவோர் அனைவரும் ‘நம் தாராவி’ என்கிறார்கள். கீழே நிற்கும் மூதாட்டி ‘எங்க வீடு’ என்கிறாள். அவள் சொல்லில் ஒரு வரம்பு இருக்கிறது: இழப்பவள் நான், நீ அல்லை. விண்ணப்பம் எழுதித் தருவோர் அதனை ‘நம் வீடுகள்’ என்று மாற்றி எழுதினால், அவளுடைய உரிமைக்குரலே நீர்த்துப்போகும். அதிகாரியை நோக்கி எழுதும் மனுவில் ‘நம் வீடுகள்’ என்றால் அதிகாரிக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறதே! தாராவி இளைஞர் ஒருவர் எழுதிய வரைவில் இவ்வாறு இருக்கக் கண்டு திருத்திக் கொடுத்தேன். அவர் தமிழ்ப் பற்றுடையவர்தாம், படித்தது ஆங்கிலவழி.

அரசியல் சட்டத்துக்கும் இவ்விடர் உண்டு. 1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பெற்ற முகவுரை ஆங்கிலத்தில் ஒரு தன்மைப் பன்மைச் சொல்லோடு தொடங்குகிறது. அச்சொல் எவரை நோக்கியது? உலகத்தாரை நோக்கி இந்திய மக்கள் அறிவிப்பதா, தம்முள் ஒருவரோடொருவர் கூறிக்கொள்வதா? ஆங்கிலம் இதற்கு விடை கூறாது, கூறவும் வேண்டியதில்லை. தமிழாக்கம் ‘நாம்’ என்கிறது. மராட்டி ஆக்கமோ ‘ஆம்ஹீ’, அதாவது ‘நாங்கள்’ என்கிறது. ஒரே நாட்டின் ஒரே வாசகம், தாணேயில் மராட்டியர் படிக்கும்போது பிறரை நோக்கிய பறைசாற்றலாகவும், தமிழர் படிக்கும்போது நமக்குள் நாமே செய்துகொண்ட உடன்படிக்கையாகவும் ஒலிக்கிறது. சிங்கப்பூரில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த இராசரத்தினம் 1966இல் ஆங்கிலத்தில் வரைந்த தேசிய உறுதிமொழிக்கும் இதே நிலை: மலாயில் ‘காமி’, தமிழில் ‘நாம்’. எது சரி என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் குடிமகனைக் கேட்பவனாக வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொண்ட தமிழாக்கமே எனக்கு உவப்பானது. மராட்டிய அன்பர் வேறு கூறலாம்; அவருக்கும் காரணம் இருக்கும். இருவரும் வழக்காடலாம் என்பதே பொருட்டு. இரு சொற்களையும் ஒன்றாக்கிவிட்ட பிள்ளை இவ்வழக்கில் என்ன பேசும்?

எதிர்ப்பக்கத்தார் கூற்றுள் வலிமையுடையது ஒன்று உண்டு. பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்புக்கு வருகிறது; அந்த ஒரு மணியில் இலக்கணத்தைப் புகுத்தினால் மறுவாரம் வராது என்பர். வகுப்பு நடத்துவோரின் துன்பத்தை அறியாதவனல்லேன். நாற்காலி ஒழுங்கு செய்து, பெற்றோரைக் கெஞ்சி, மழைக்காலத்தில் நான்கு பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆயினும் அவர்கள் கூறுவது, வேறுபாட்டைச் சூத்திரமாகக் கற்பித்தால் மட்டுமே பொருந்தும். மும்பைப் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதேயில்லை! மாடிக்குடியிருப்பின் முற்றத்தில் மராட்டியப் பிள்ளைகளோடு ஆடும்போது ‘ஆபண்’ என்றும் ‘ஆம்ஹீ’ என்றும் அது பிழையின்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பிழையாகப் பேசினால் ஆட்டத்தில் எவர் எந்தக் கட்சி என்பது குழம்பி அப்பொழுதே சண்டை வரும். ஆகவே ‘ஆபண் என்று சொல்லும் இடத்தில் நாம், ஆம்ஹீ என்று சொல்லும் இடத்தில் நாங்கள்’ என்று ஒரு வாக்கியம் போதும். ‘ஆபண்’ என்பதற்கு மதிப்பு முன்னிலை முதலிய வேறு பொருள்களும் உண்டு என்பது உண்மையே. அவற்றைப் பிள்ளை குழப்பிக்கொள்வதில்லை. என் வீட்டில் இவ்வழியில் கற்பித்து ஒரு வாரத்தில் பயன் கண்டேன். மராட்டி கற்றால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்விடயத்தில் நம் பிள்ளைக்குத் தமிழாசிரியராக இருக்கத் தக்கவர் அடுத்த வீட்டு மராட்டியப் பிள்ளையே.

‘இடத்தை நோக்கிப் பொருள் கொள்ளலாமே’ என்பதும் ஒரு மறுப்பு. நேரில் நின்று பேசும்போது கொள்ளலாம்தான். கடிதத்தில் முகம் தெரியாது. சுற்றறிக்கையில் தெரியாது. ஒப்பந்தப் பத்திரத்திலும் மனுவிலும் நீதிமன்ற வாக்குமூலத்திலும் தெரியாது. சண்டை வருவதும் அவ்விடங்களில்தான்.

ஆதலால் இம்மாநகரின் சங்கங்கள் அனைத்துக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டே. செயற்குழு முடிவு செய்ததை ‘நாங்கள்’ என்றும், பொதுக்குழு முடிவு செய்ததை மட்டும் ‘நாம்’ என்றும் அறிக்கைகளில் எழுதுங்கள். அடுத்து, பிள்ளைகளின் வகுப்பில் ‘நான், நாம், நாங்கள்’ என்னும் அந்த ஒற்றைக் கட்டத்தைப் பிரித்து, மராட்டிச் சொற்களோடு இணைத்துக் காட்டும் பக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் ஜூன் மாத நடுவில் திறக்கின்றன. வகுப்புகளும் அப்போதே தொடங்கும். அப்பக்கத்தை எழுதி, படியெடுத்து, தாணேயிலிருந்து செம்பூர் வரையில் கேட்பவர் எவராயினும் அவர் கையில் சேர்ப்பதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.